பன்னிரண்டாவது ஓட்டம்

1945 அக்டோபர் 29, திங்கள்

சௌங்வா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தோம். துறைமுகம் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். பர்மாக் கரையில் ஒரு கலங்கல் ஆறு கடலில் விழும் இடம் இது. பாதி முறிந்த மரப்பாலம், கூரையில்லாத சுங்கச் சாவடி, ஆற்றுக்குள் மூன்று வருடமாக நகராமல் நிற்கும் ஒரு நீராவிக் கப்பல். காக்கை கூடக் காணோம்.

கேப்டன் ஆரோன் சாமுவேல் என்னைக் கூப்பிட்டார். பாளையங்கோட்டைக்காரர், அதட்டத் தெரியாத அதிகாரி. "வேலப்பா, இந்த வேலையோட நம்ம நொய்யலுக்கு ஓய்வு. கப்பலோட சேவை வரலாறு எழுதி அனுப்பணுமாம். ஒன் கையெழுத்துதான் படிக்கிற மாதிரி இருக்கு, நீயே எழுது" என்றார். மின்சாரம் பார்க்க வந்தவனுக்கு எழுத்து வேலையும் வந்து சேர்ந்தது. கையெழுத்து நன்றாக இருப்பது எவ்வளவு பெரிய தொல்லை!

தொடங்கிவிட்டேன். 'நொய்யல்: 1942 வரை கரையோரம் உப்பும் ஓடும் ஏற்றிய கப்பல். பின்னர் கடற்படையால், நீருக்கடியில் போட்ட வெடிகளான கடற்கண்ணிகளை அழிக்கும் கண்ணிவாரியாக மாற்றப்பட்டது. சென்னை, விசாகப்பட்டினம், சிட்டகாங், அக்யாப் ஆகிய இடங்களில் பணி. அழித்த கடற்கண்ணிகள் முப்பத்தொன்று. இறந்த மாலுமிகள் இருவர்.' மூன்று வருடத்துக்கு இவ்வளவுதான் வருகிறது.

இங்கே இருப்பவை வேறு ஜாதிக் கண்ணிகள். நம் விமானங்களே போன வருடம் போட்டவை. எங்கே, எத்தனை என்று எழுதிய காகிதம் தொலைந்துவிட்டதாம். ஆற்றடிச் சேற்றில் படுத்திருக்கும். மேலே இரும்பு போனால் தெரிந்துகொள்ளும், ஆனால் உடனே வெடிக்காது. எண்ணும். ஐந்தாவது கப்பலுக்கு வெடி என்று வைத்திருந்தால் நான்கை விட்டுவிட்டு ஐந்தாவதை எடுக்கும். அதிகபட்சம் பன்னிரண்டு வரை வைக்கலாம். ஆகவே பாதை முழுக்கப் பன்னிரண்டு தடவை வார வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு ஓட்டம், ஆறு நாள் வேலை. அதன்பின் அந்த நீராவிக் கப்பல், அக்கரை முகாமில் இருக்கும் ரயில்பாதைக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும். எல்லோரும் தமிழ் ஆட்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் பிடித்து வந்தவர்கள்.

அக்டோபர் 30, செவ்வாய்

ஓட்டம் 1, 2. குறை ஒன்றுமில்லை.

காலையில் அக்கரையிலிருந்து தண்ணீரின் மேல் ஒரு சத்தம் வந்தது. "இச்சி, நீ, சான், சி..." ஜப்பான் மொழியில் ஆட்கள் வரிசையாக எண் சொல்கிறார்கள். ஜப்பான்காரன் போய் இரண்டு மாதமாகிறது. எண்ணச் சொல்ல இப்போது யாரும் இல்லை. ஓரிடத்தில் சத்தம் நின்று, ஒரு மூச்சு நேரம் கழித்து மீண்டும் தொடர்ந்தது.

என் வேலையை யாராவது பிற்காலத்தில் கேட்டால் சொல்வதற்காக எழுதிவைக்கிறேன். கப்பலுக்குப் பின்னால் இரண்டு தடித்த கம்பிகள் வால்போல மிதந்து வரும். நிமிஷத்துக்கு ஒருமுறை நான் பொத்தானை அழுத்துவேன். ஐந்து விநாடி மின்சாரம் பாயும். பெரிய இரும்புக் கப்பல் ஒன்று போவதாகக் கண்ணி ஏமாந்துபோகும். நொய்யலைச் சுற்றிக் கம்பிச் சுருள் கட்டியிருப்பதால் எங்களை அதற்குத் தெரியாது. ஆட்கள் வால்கம்பியைத் தொடும்போது நான் பெரிய விசையைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்து, அதில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். கம்பி தண்ணீரில் இறங்கியதும் அட்டையை எடுத்து, மின்சாரம் பாய விசையை மூட வேண்டும். நொய்யலில் பாதி உயிர் அந்த அட்டையில்தான் இருக்கிறது.

சமையல்கார காதர் பாய் நாகூர்க்காரர். அவரிடம் கடிகாரம் கிடையாது. நான் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் சமையலறை விளக்கு மங்கும். "பதினெட்டு மங்கலுக்குச் சோறு, ஆறு மங்கலுக்கு மீனு. நீ அங்க அமுக்கு, நான் இங்க எறக்குறேன்" என்பார். இதுவரை ஒரு பருக்கை குழைந்ததில்லை.

அக்டோபர் 31, புதன்

ஓட்டம் 3, 4. பிற்பகல் மருந்துப் பெட்டிகளோடு முகாமுக்குப் போனேன். மனிதர்கள் எழுந்து நிற்கும்போது எலும்புச் சத்தம் கேட்கிறது.

கம்பவுண்டர் பொன்னுரங்கத்திடம் சும்மா கேட்டேன், எங்கள் ஊரான தொட்டியம் பக்கத்து ஆட்கள் யாராவது உண்டா என்று. நோட்டைப் புரட்டி, "அங்கமுத்து, தகப்பன் பேரு கருப்பண்ணன்" என்றார்.

அண்ணன்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மலேயா போனவர். மூன்று வருடமாகக் கடிதம் இல்லாமல், அம்மா பொட்டு வைத்த படமாக ஆக்கிவிட்டவர். விறகு வெட்ட ஆற்றின் மேல்பக்கம் போயிருக்கிறாராம், இரண்டு நாளில் வருவாராம். பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

நவம்பர் 1, வியாழன்

ஓட்டம் 5, 6. மழை.

நவம்பர் 2, வெள்ளி

ஓட்டம் 7, 8. குறை ஒன்றுமில்லை.

காலையில் முகாம் படகு வந்தது. அண்ணனிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம், யாரோ எழுதிக் கொடுத்தது. 'தம்பி வேலப்பனுக்கு. உயிரோடு இருக்கிறேன். அம்மா இருக்கிறாளா? கிணற்று மோட்டுப் புளியமரம் இருக்கிறதா? உன்னைப் பார்த்தால் அடையாளம் தெரியுமோ என்னவோ.' நாலு வரிதான். ஏழாவது ஓட்டம் முழுவதும் அதையே படித்தேன். 'ஓட்டம் முடிந்த பிறகு படித்தேன்' என்று எழுத வந்தேன். அப்புறமும் படித்தேன்.

மத்தியானச் சோறு குழைந்து கூழாகிவிட்டது. எல்லோரும் பாயைக் கேலி செய்தார்கள். "பாய்க்குக் கல்யாண ஞாபகம் வந்திருச்சு" என்றான் ஒருவன். பாய் சிரிக்கவில்லை. கரண்டியோடு நின்று என்னையே பார்த்தார்.

சிவப்பு அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. அதை இடத்தில் மாட்டிவிட்டேன்.

நவம்பர் 3, சனி

ஓட்டம் 9, 10. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மீட்டர் ஊசியைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்தது. ஒழுங்காக எழுந்தது.

தட்டுக் கழுவும்போது பாய் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நேத்து காலைல வெளக்கு மங்கவே இல்லியே."

"பல்பு பழசு பாய். மாத்தித் தர்றேன்."

"பத்து மணி ஓட்டத்துக்கு மங்கல. மூணு மணி ஓட்டத்துக்கு மங்குச்சு. அதே பல்புதான்."

"எனக்கு வேலை கெடக்கு பாய்" என்று எழுந்து வந்துவிட்டேன். சமையல்காரர் சமையலைப் பார்த்தால் போதாதா?

நவம்பர் 4, ஞாயிறு

ஓட்டம் 11, 12. ஒரு கண்ணி கூட வெடிக்கவில்லை. பாதையில் கண்ணியே இல்லை போலிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

படிவத்தில் 'பன்னிரண்டு ஓட்டங்கள் முழுமை, பாதை சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேப்டன் என் தோளைத் தட்டினார். கையெழுத்து அழகாக வந்திருந்தது.

நவம்பர் 5, திங்கள்

அண்ணனைப் பார்த்தேன். முகாம் வாசலில் நின்றவரைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து "டேய் வேலு" என்று குரல் வந்த பிறகுதான் தெரிந்தது. என்னைவிட ஆறு வயது மூத்தவர், அப்பாவைவிடக் கிழடாகத் தெரிந்தார். கட்டிக்கொண்டபோது வெறும் சட்டையைக் கட்டியதுபோல இருந்தது.

வியாழக்கிழமை கப்பல் ஏறுகிறார். அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டியலில் அவர் பெயரை நானே பார்த்தேன்.

திரும்பும் படகில் அந்த நீராவிக் கப்பலை ஒட்டி வந்தோம். பக்கமெல்லாம் பச்சைப் பாசி. ராணுவ மெக்கானிக்குகள் இன்ஜினை உயிர்ப்பித்திருக்கிறார்கள். கம்பிச் சுருள் ஒன்றும் கட்டவில்லை. தலையிலிருந்து கால்வரை இரும்பு.

இதை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ஏழாவது ஓட்டத்தில் விசை திறந்தே இருந்தது. அட்டை தொங்கியது. நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது தடவை வெறும் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். ஓட்டம் முடிந்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், அவசரமாக அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அங்கே கீழே படுத்திருப்பதற்கு நாங்கள் பதினொரு தடவைதான் போயிருக்கிறோம்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் சிறை, சிட்டகாங்கில் ஒருவனுக்குத் தொண்ணூறு நாள் கிடைத்தது. தவிர, பன்னிரண்டுக்கு யார் வைப்பார்கள்? நாலு, ஆறு என்று வைப்பார்கள். பன்னிரண்டுக்கு வைக்க ஒருவனுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும்!

நவம்பர் 6, செவ்வாய்

பகல் பதினொரு மணி. நங்கூரம் போட்டு நிற்கிறோம். வால்கம்பி சுருட்டிக் கட்டிக்கிடக்கிறது. விசை திறந்து, அட்டை தொங்குகிறது. மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

சமையலறை வாசலில் தேநீருக்கு நின்றேன். விளக்கு மங்கியது. ஐந்து விநாடி இருக்கும். பிறகு பழையபடி எரிந்தது.

பாயைப் பார்த்தேன். பாய் உலையைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் "ஒண்ணு" என்றார்.

அதன்பிறகு மங்கவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். தண்ணீர் கப்பலின் அடியில் ஒட்டாமல் நழுவிப் போகிறது. அது விழித்திருக்கிறது என்று தோன்றியது. தூங்காது, பசிக்காது, அதற்கு ஒன்றே ஒன்று பாக்கி.

பிற்பகல் முகாமுக்குப் போய்க் கம்பவுண்டரிடம் பேசினேன். அண்ணனுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது, கடல் பயணம் தாங்காது, அடுத்த கப்பலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் நல்ல மனிதர், உடனே பெயரை அடித்துவிட்டார். அண்ணனின் உடம்பு தேறட்டும் என்றுதான் செய்தேன்.

நவம்பர் 7, புதன்

அண்ணன் முறிந்த பாலத்தில் எனக்காகக் காத்திருந்தார். எதிரே நீராவிக் கப்பலில் ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தகரக் குவளை.

"எனக்குக் காய்ச்சல்னு எவன்டா சொன்னான்?"

"நான்தாண்ணே. ரெண்டு வாரம் தேறிட்டு, அடுத்த கப்பல்ல..."

"பன்னண்டு வருசமாச்சு ஊரைப் பாத்து. கண்ணு முன்னால கப்பல் நிக்குது. ரெண்டு வாரம் எதுக்கு?"

"அந்தக் கப்பல் வேணாம்ணே."

"ஏன்?"

சொன்னேன். அட்டை, விசை, பதினொன்று, எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப அதுல போறவங்க?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. அநேகமா ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னா என்னைய எதுக்கு எறக்குன?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"காலைல நாங்க எண்றதக் கேட்டிருப்ப. பத்தொம்போதுல நிக்கும். அது செவத்தியான் நம்பரு. வேலைக்கு நாப்பது பேரு குடுக்கணும் நாங்க. ஒருநாளு ஒடம்பு முடியாம நான் மூங்கிக் காட்டுல ஒளிஞ்சுக்கிட்டேன். ஆளு கொறையுதுன்னு, கொட்டாயில காச்சலோட கெடந்த செவத்தியானத் தூக்கி நிறுத்திக் கூட்டிட்டுப் போனானுவ. சாயங்காலம் முப்பத்தொம்போது பேருதான் திரும்பி வந்தாங்க. அன்னியிலேர்ந்து அந்த நம்பர யாரும் சொல்றதில்ல. நாந்தான் ஒளிஞ்சேன்னு அவங்களுக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ ஒளிய என்னால ஆவாதுடா" என்றார்.

பிறகு பாலத்திலிருந்து இறங்கி, ஏற்றிக்கொண்டிருந்த படகில் ஏறினார். கம்பவுண்டரிடம் ஏதோ சொன்னார், கம்பவுண்டர் நோட்டில் எழுதினார். நான் "அண்ணே, அண்ணே" என்று கரையில் ஓடினேன். திரும்பிப் பார்க்காமல், "ஒம் முடிவு இனி ஒன் கையில" என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 8, வியாழன்

பத்து மணிக்குக் கடல்நீர் ஆற்றில் ஏறும்போது கப்பல் கிளம்ப வேண்டும். எட்டு மணிவரை நான் என் பொத்தான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியில் இனித் துடைக்க ஒன்றுமில்லை. அக்கரையில் இன்று எண்ணும் சத்தம் இல்லை. எல்லோரும் கப்பலில் இருந்தார்கள். அந்த நிசப்தத்தில் நான் இருந்த இடத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன், பதினொன்றில் நின்றுவிடும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவேன். புகைபோக்கியில் புகை வந்தது. மூன்று வருடத்தில் முதல் புகை.

எட்டரைக்குக் கேப்டன் அறைக் கதவைத் தட்டினேன்.

"சார், ஏழாவது ஓட்டம் நடக்கல."

அவர் முகச்சவரத்தில் பாதியில் இருந்தார். நான் சொல்லச் சொல்லச் சோப்பு நுரை காய்ந்துபோனது. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தக் கப்பல்ல எத்தன பேர் இருக்காங்க?"

"எங்கண்ணன் இருக்காரு சார்."

"நான் அதக் கேக்கல."

எனக்குத் தெரியவில்லை. சென்னையில் எத்தனை கண்ணி, அக்யாபில் எத்தனை கண்ணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதை நான் யாரிடமும் விசாரித்ததே இல்லை. கேப்டன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினார்.

நீராவிக் கப்பல் அதற்குள் நங்கூரத்தைத் தூக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் கொடிமரத்தில் 'நில்' கொடி ஏறியது. மூன்று தடவை சங்கு ஊதினோம். சங்கிலி பாதியில் நின்றது. தளத்தில் இருந்த ஆட்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நிற்கச் சொன்னால் நின்று பழகியவர்கள்.

ஒன்பதரைக்குப் பன்னிரண்டாவது ஓட்டம். கம்பி இறங்கியது. அட்டையை எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி உயர்த்திக் காட்டினேன். விசையை மூடினேன். காதர் பாய் அடுப்பை அணைத்துவிட்டு மேலே வந்து நின்றார். கேப்டன் என் பக்கத்திலேயே நின்றார். அழுத்தினேன், ஊசி எழுந்தது. ஒரு நிமிஷம். அழுத்தினேன், எழுந்தது. பத்து, பதினைந்து, இருபது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் இல்லாமல் போய்விடக் கூடாதா என்று வேண்டினேன். அதே மூச்சில், இருந்துவிடட்டும் என்றும் வேண்டினேன். இரண்டும் உண்மை.

இருபத்தாறாவது அழுத்தலில் ஆறு முதலில் வெண்மையாக வீங்கியது. சத்தம் அப்புறம்தான் வந்தது. காலடியில் கப்பல் துள்ளியது. எங்களுக்குப் பின்னால் ஒரு கோயில் கோபுர உயரத்துக்குச் சேறும் தண்ணீருமாக எழுந்து, எவ்வளவோ நேரம் அப்படியே நின்று, பிறகு மெதுவாக உட்கார்ந்தது. செத்த மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தன. பாதையின் நட்டநடுவில்.

பன்னிரண்டுக்குத்தான் வைத்திருந்தார்கள். எவனோ ஒருவன் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து வைத்திருக்கிறான். பொத்தான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். பயமில்லை. வெட்கம்தான். இப்படி ஒரு வெட்கம் உடம்பில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மிச்ச ஓட்டத்தையும் முடித்துவிட்டுத் திரும்பினோம். கேப்டன் சேவை வரலாற்றுத் தாளை என் முன்னால் வைத்தார்.

"ஏழாவது ஓட்டம் நடக்கலன்னு எழுது. ஏன் நடக்கலன்னும் எழுது. நாலு நாள் ஒனக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னும் எழுது. ரங்கூன்ல விசாரணை இருக்கும். அதுவரைக்கும் நீ அந்த விசையத் தொடக்கூடாது."

"ஆறு நாள் சார்" என்றேன். அதையும் எழுதினேன். முப்பத்தொன்றை அடித்து முப்பத்திரண்டு ஆக்கினேன்.

பன்னிரண்டு மணிக்கு, ஏறிய நீர் வடிவதற்கு முன், நீராவிக் கப்பல் எங்களை ஒட்டிக் கடந்தது. செத்த மீன்களுக்கு நடுவே மெதுவாகப் போனது. தளம் கொள்ளாமல் ஆட்கள். துண்டை வீசினார்கள், சிலர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கேப்டன் வணக்கம் வைத்தார். நான் கையைத் தூக்கவில்லை.

எண்ணத் தொடங்கினேன். முன்னாலிருந்து, ஒருவரையும் விடாமல், முகம் முகமாக. தலைப்பாகை கட்டியவர், குவளையை மார்போடு அணைத்தவர், பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து நின்றவர். இருநூற்றாறு வரை வந்தேன். அதற்குள் கப்பல் வளைவில் திரும்பிவிட்டது.

அவர்களில் அண்ணன் எத்தனையாவது ஆள் என்று நான் கவனிக்கவில்லை.